காதில் விழுந்தது ஜாலான்

குமுதாவுக்கு அந்த வியாழக்கிழமை பிடித்த பயம் ஒரு சொல்லால் வந்தது. பெரிய சொல் ஒன்றும் இல்லை. பினாங்கில் தெருவுக்குத் தெரு பலகையில் எழுதி நட்டு வைத்திருக்கிறார்களே, அதே 'ஜாலான்'தான். மலாயில் அதற்குப் பாதை என்று பொருள். நட, போ, ஓட்டு என்றும் பொருள். பாயான் லெப்பாஸ் பேக்டரிகளில் நின்ற மெஷினை மறுபடி ஓட விடு என்பதற்கும் அதைத்தான் சொல்வார்கள். தன் லைனுக்கு அந்தச் சொல்லைச் சோறு போல ஊட்டி வளர்த்தவளே குமுதாதான். அது திரும்பி வந்து தன் குலையை நடுங்க வைக்கும் என்று அவள் கனவிலும் நினைக்கவில்லை.

அந்த லைன் முன்பு இருந்த லட்சணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் அவள் மேல் உங்களுக்கு வீணாகக் கோபம் வரும். சின்னச் சின்ன சிப்புகளைக் கறுப்புப் பிசினுக்குள் வைத்து மூடுகிற வேலை. நடுவில் ஒரு பிரஸ் உட்கார்ந்திருக்கும். மேலே ஒரு இரும்புத் தட்டு, கீழே ஒரு இரும்புத் தட்டு, இரண்டும் தோசைக்கல் சூட்டில். மேல் தட்டு இறங்கி அழுத்தினால் பிசின் உருகி சிப்பை மூடிக்கொள்ளும். அடிக்கடி பிசின் பிசிறு சிக்கி பிரஸ் நிற்கும். நின்றால், பொத்தானில் உட்கார்ந்திருக்கும் பெண் டெக்னீஷியன் வரட்டும் என்று பார்ப்பாள். டெக்னீஷியன் சூப்பர்வைசர் சொல்லட்டும் என்று பார்ப்பான். சூப்பர்வைசர் போன ஷிப்ட்காரனைத் திட்டிக்கொண்டு நிற்பார். மற்ற லைன்காரர்கள் இதற்குத் தூங்குமூஞ்சி லைன் என்றே பேர் வைத்துவிட்டார்கள். பழைய சூப்பர்வைசர் வேலையை விட்டுப் போனபோது அந்த நாற்காலியை யாரும் சீண்டவில்லை. பல வருஷம் அதே லைனில் ஆப்பரேட்டராக உட்கார்ந்திருந்த குமுதாவின் கழுத்தில் மேனேஜர் தயாளன் அதைக் கட்டிவிட்டார்.

குமுதாவுக்கு ஒரு விஷயம் தெரியும். அங்கே யாரும் சோம்பேறி இல்லை. அடுத்தவர் வாய் திறக்கட்டும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள், அவ்வளவுதான். அதனால் ஒரு சொல்லைக் கையில் கொடுத்தாள். கோளாறை யார் சரிசெய்தாலும் அவர் "ஜாலான்" என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். உடனே லைன் முழுவதும் மேசையைத் தட்டி "ஜாலான்" என்று திருப்பிச் சொல்லும். பொத்தான்காரி அழுத்துவாள். தமிழர், மலாய்க்காரர், நேப்பாளத்திலிருந்து வந்த பையன்கள் எல்லோருக்கும் தெரிந்த சொல். முதல் வாரம் அவள் கேட்டது, தேநீர் நேரம்வரை தேங்காமல் ஓட்ட முடியுமா என்பது மட்டும்தான். ஓட்டினார்கள். அன்றைக்குத் தன் பணத்தில் எல்லோருக்கும் கறிபாப் பலகாரம் வாங்கிக் கொடுத்தாள். பிறகு பகல் சாப்பாடுவரை. பிறகு ஷிப்ட் முடியும்வரை. காலைக் கூட்டத்தில், நேற்று நோர்மா தட்டைத் திருப்பி வைத்ததால்தான் சிக்கல் குறைந்தது என்று ஆளின் பேரைச் சொல்லிப் பாராட்டுவாள். பேர் சொல்லிக் கேட்ட ஆள் மறுநாள் சீக்கிரமே வந்து நிற்கும். யாரும் பேசாமல் மூலையில் கிடந்த தனுஜாவைக் கூப்பிட்டு பச்சைப் பொத்தானில் உட்கார வைத்தாள். அந்தப் பெண்ணுக்கு முகத்தில் ஒரு வெளிச்சமே வந்துவிட்டது.

லைன் பறந்தது. சும்மா சொல்லக் கூடாது, மற்ற சூப்பர்வைசர்கள் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தார்கள். தயாளன் இதற்கு 'மொமெண்டம்' என்று பேர் வைத்தார். அதன் பிறகு அந்த மனிதர் வாயில் மொமெண்டம் இல்லாமல் ஒரு வாக்கியம் வந்ததில்லை. கிடைத்த மொமெண்டத்தை விட்டுவிடாதீர்கள், நின்றால் மறுபடி தள்ளிக் கிளப்ப முடியாது என்பார்.

ஓடுகிற ஓட்டத்தில் இரண்டு மூன்று விஷயங்கள் வழியில் உதிர்ந்துபோயின. யாரும் கூடிப் பேசி உதறியதில்லை, தானாக உதிர்ந்தன. பிரஸுக்குள் கை விடுகிற டெக்னீஷியன், பின்பக்கம் போய் மெயின் சுவிட்சை அணைத்து, அதில் தன் பூட்டைப் போட்டு, சாவியைத் தன் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். அதுதான் சட்டம். ஆனால் அணைத்தால் தட்டுகள் ஆறிவிடும். திரும்பச் சூடேறும்வரை லைன் கைகட்டி நிற்க வேண்டும். பிறகு பூட்டு எதற்கு, டெக்னீஷியன் கையை எடுத்துவிட்டு "ஜாலான்" என்று சொன்னால் போதாதா? போதும் என்று ஆகிவிட்டது. பூட்டு ஆணியில் தொங்கியது. கதவு திறந்தால் பிரஸைத் தடுக்கும் சென்சாரும் வீண் வம்பு செய்தது என்று டெக்னீஷியன் ஹைதர் அதில் ஒரு சின்னக் காந்தத்தை ஒட்டி, கதவு மூடியே இருப்பதாக அதை நம்ப வைத்தான். அதை குமுதா பார்த்தாள். பார்த்துவிட்டு நகர்ந்து போனாள். அவசரத்துக்கு அடிக்கிற சிவப்புப் பொத்தானில் யார் முழங்கையோ பட்டு ஒரு தடவை லைன் நின்றுபோனது. அதற்குப் பிளாஸ்டிக் மூடி வேண்டும் என்று கேட்டு வாங்கிப் போட்டவளும் குமுதாதான்.

வியாழக்கிழமைக்கு வருகிறேன். பிரஸ் சிக்கியது. ஹைதர் கதவைத் திறந்து கையை விட்டான். எல்லோர் முகத்திலும் மூடி, காதில் இரைச்சல் அடைப்பான். அவன் உள்ளேயிருந்து என்னவோ குரல் கொடுத்தான். லைன் மேசையைத் தட்டி "ஜாலான்" என்றது. தனுஜா அழுத்தினாள். மேல் தட்டு இறங்கியது. ஹைதர் கையை வெடுக்கென்று பிடுங்கிய பிடுங்கலில் கையுறை மட்டும் உள்ளே மாட்டிக்கொண்டது. தட்டு விலகியபோது அது அப்பளமாகத் தட்டையாகிக் கிடந்தது. ஹைதர் அதை இரண்டு விரலால் தூக்கிக் காட்டிச் சிரித்தான். லைனே சிரித்தது. குமுதாவும் சிரித்தாள். தனுஜா மட்டும் முகம் வெளுத்து, அண்ணன் ஜாலான் என்றுதானே சொன்னார் என்று பக்கத்தில் இருந்தவர்களைக் கேட்டாள். ஆமாம், நாங்களும் அப்படித்தான் கேட்டோம் என்றார்கள். குமுதாவின் காதிலும் அப்படித்தான் விழுந்திருந்தது. வேண்டுமானால் சத்தியம் செய்திருப்பாள்.

ஷிப்ட் முடிந்து அலமாரிப் பக்கம் ஹைதர் அவளைத் தனியாகக் கூப்பிட்டான். யாராவது இருக்கிறார்களா என்று சுற்றிப் பார்த்துக்கொண்டான்.

"அக்கா, நான் ஜாலான்னு சொல்லல. ஜாங்கான்னு சொன்னேன்."

ஜாங்கான் என்றால் வேண்டாம், செய்யாதே. ஜாலான் என்றால் ஓட்டு. இரண்டும் ஒரே மாதிரி தொடங்கி ஒரே மாதிரி முடிகிற சொற்கள், நடுவில் மூக்கால் வருகிற ஒரு ஒலிதான் வித்தியாசம். முகமூடியும் அடைப்பானும் அந்த ஒலியை விழுங்கிவிட்டால் மிச்சம் என்ன கேட்கும் என்று சொல்லுங்கள். அதைவிட மோசம் இன்னொன்று உண்டு. இத்தனை நாளாக ஒரே சொல்லுக்குப் பழகிய காது, எது வந்து விழுந்தாலும் அந்தச் சொல்லாகத்தான் கேட்கும். குமுதாவுக்கு அது அந்த அலமாரி ஓரத்திலேயே புரிந்துபோனது. தனுஜாவிடம் சொல்லாதீர்கள், அந்தப் பிள்ளை தாங்காது என்று ஹைதர் கேட்டுக்கொண்டான். சரி என்று சொன்னாள். தட்டையான கையுறையைத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள். எதற்கு என்று அவளுக்கே தெரியவில்லை, குப்பையில் போட மனம் வரவில்லை.

மறுநாள் தயாளனிடம் போனாள். அவர் கெட்டவர் இல்லை. கதவைச் சாத்திவிட்டு முழுவதும் கேட்டார். கேட்கும்போது அவர் முகமும் சுருங்கியது. ஆனால் திங்கட்கிழமை தலைமை அலுவலகத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள். குமுதாவின் லைனைப் பார்த்து மற்ற லைன்களையும் அப்படியே மாற்றப் போகிறார்கள். ஒப்பந்தத்தில் இருக்கும் தனுஜா போன்றவர்களை நிரந்தரமாக்கும் பேச்சும் அதோடுதான் வருகிறது. இன்றைக்கு இதை மேலே சொன்னால் விசாரணை முடியும்வரை பிரஸை மூடிவிடுவார்கள்.

"மண்டே மட்டும் முடியட்டும் குமுதா. டியூஸ்டே நானே உக்காந்து எல்லாத்தையும் சரி பண்ணித் தர்றேன். இப்ப மொமெண்டத்தை உடைச்சிடாதீங்க லா."

குமுதா தலையாட்டினாள். தலையாட்டியதற்கு லைன் மட்டும் காரணம் இல்லை, உள்ளதைச் சொல்லிவிட வேண்டும். அவள் படித்தது பள்ளியில் ஐந்தாம் படிவம்வரைதான். இந்த லைன் ஓடுகிறவரைதான் அவள் சூப்பர்வைசர். நின்றால் திரும்ப ஆப்பரேட்டர் நாற்காலிதான். அந்தப் பயமும் இருந்தது. ஹைதர் கைக்கு என்ன ஆகுமோ என்ற பயமும் இருந்தது. பேக்டரி பஸ்ஸில் கெலுகோரில் இருக்கும் வீட்டுக்குத் திரும்பும்போது பக்கத்தில் யாரோ சிரித்துப் பேசினார்கள், அவளுக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலைப் பசியாறலுக்கு வரச் சொல்லி ஹைதரின் அம்மா நூர் பீவி முன்னமேயே அழைத்திருந்தார். சூலியா தெருவில் அவர்கள் குடும்பத்துக்கு ஒரு சாப்பாட்டுக் கடை. அடுத்த மாதம் ஹைதருக்கு நிக்காஹ். பத்திரிகையைக் கையில் கொடுத்து அழைக்க வேண்டுமாம். போகாமல் இருக்க ஆயிரம் சாக்கு தேடிப் பார்த்தாள். கிடைத்த ஒவ்வொன்றும் பொய்யாக இருந்தது, கடைசியில் போய்விட்டாள்.

விடுமுறை நாளில் ஹைதர் கடையில் ரொட்டி வீசுவான். கல் மேசையில் மாவு உருண்டையை வைத்துத் தட்டி, விரல் நுனிகளை அடியில் கொடுத்துத் தூக்கி வீச, மாவு காற்றில் விரிந்து மெல்லிசாகி விழும். குமுதா அந்த விரல்களையே பார்த்தாள். கண்ணை எடுக்க முடியவில்லை. ஒவ்வொரு தடவை அவன் கை மேசையில் இறங்கும்போதும் அவளுக்கு உடம்பு தூக்கிவாரிப் போட்டது. நூர் பீவி ரொட்டியையும் மீன் குழம்பையும் கொண்டுவந்து வைத்து எதிரில் உட்கார்ந்தார். நல்ல வாய், நல்ல மனசு, பேசிக்கொண்டே இருக்கிற ஆள். முதலில் வேறு லைனில் இருந்தபோது மகன் தினமும் மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு வருவானாம், இப்போது சிரித்துக்கொண்டு வருகிறானாம். வீட்டில் எந்நேரமும் குமுதா அக்கா பேச்சுதானாம்.

"மெஷின் வேலைன்னாலே எனக்குப் பயம்மா. நீ பாத்துக்குவேங்கிற தைரியத்துலதான் அவன அனுப்பிட்டு நான் நிம்மதியா இருக்கேன்."

குமுதா பிய்த்த ரொட்டியைத் தட்டிலேயே வைத்தாள். கைப்பையில் அந்தக் கையுறை இருந்தது. அதைத் திறந்து பத்திரிகையை உள்ளே வைக்கக்கூட அவளுக்குக் கை வரவில்லை. கையிலேயே பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

ஹைதர் கடைக்கு வெளியே அஞ்சடி நடைபாதைவரை வந்து வழியனுப்பினான். அங்கே வைத்து, நாளையிலிருந்து பூட்டைப் போடு தம்பி என்று சொன்னாள். சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது. அவன் கையில் ஒட்டிய மாவை உருட்டிக்கொண்டே யோசித்தான்.

"பூட்டுப் போட்டா பிரஸ் ஆறிடும்கா. அவங்க வந்து நிக்கும்போது லைன் தூங்கும். எல்லாரும் என்னையத்தான பாப்பாங்க? நீங்க நிறுத்துன்னா நிறுத்துறேன். நிறுத்தவா?"

அவன் அவளிடம் கேட்டுவிட்டான். பந்து அவள் கைக்கு வந்துவிட்டது. ஆமாம், நிறுத்து என்று சொல்ல ஒரு நொடி போதும். குமுதா தெருவைப் பார்த்தாள், நாணயம் மாற்றுகிற கடையின் பலகையைப் பார்த்தாள், அவன் விரலை மட்டும் பார்க்கவில்லை. நாளைக்கு ஒரு நாள் மட்டும் பார்த்துச் செய் என்று சொன்னாள். சரிக்கா என்று அவன் சிரித்துக்கொண்டே உள்ளே போனான்.

திங்கட்கிழமை காலைக் கூட்டத்தில் குமுதா வழக்கம்போலப் பேர்களைச் சொல்லிப் பாராட்டவில்லை. ஹைதர் அண்ணன் குரல் கொடுத்தால் ஒன்றுக்கு இரண்டு தடவை கேட்டுவிட்டு அழுத்துங்கள் என்று மட்டும் சொன்னாள். நாங்கள் எப்போதும் நன்றாகத்தானே கேட்கிறோம் என்று தனுஜா சிரித்தாள். மற்றவர்களும் சிரித்தார்கள். குமுதா மேலே சொல்லப் போனாள். அதற்குள் கதவுக்கு அப்பால் தயாளனும் விருந்தாளிகளும் வெள்ளை உடுப்பை மாட்டிக்கொண்டிருப்பது தெரிந்தது. லைன் பரபரப்பாகிவிட்டது. ஆளாளுக்குத் தங்கள் இடத்துக்கு ஓடினார்கள்.

கொஞ்ச நேரம் எல்லாம் ஒழுங்காகவே ஓடியது. விருந்தாளிகள் மெல்ல நடந்து பார்த்தார்கள். தயாளன் கையை ஆட்டி ஆட்டி விளக்கினார். குமுதா பிரஸுக்கும் தனுஜாவுக்கும் நடுவில் போய் நின்றுகொண்டாள். சிக்காதே, இன்றைக்கு மட்டும் சிக்காதே என்று இரும்பிடம் கெஞ்சிக்கொண்டிருந்தாள். இரும்பு கேட்குமா? பிரஸ் நின்றது.

ஹைதர் ஓடிவந்து கதவைத் திறந்தான். கையை விட்டான். பிசிறு உள்ளே ஆழமாகப் போயிருக்க வேண்டும். முழங்கைவரை விட்டு, கன்னத்தைச் சட்டத்தில் சாய்த்துக்கொண்டு தடவினான். வழக்கத்தைவிட நேரம் ஆனது. விருந்தாளிகள் அருகில் வந்து நின்றார்கள். தயாளன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அத்தனை மேசைகளிலும் கைகள் தட்டுவதற்குத் தயாராக உயர்ந்து நின்றன.

தனுஜாவின் விரல் பச்சைப் பொத்தானுக்கு மேலே இருந்தது. தொடவில்லை. மேலே இருந்தது, அவ்வளவுதான். அவள் காத்திருந்தாள். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், அந்தப் பெண் ஒழுங்காகக் காத்திருந்தாள். ஒரே ஒரு தடவை நிமிர்ந்து குமுதாவைப் பார்த்தாள். ஏதாவது சொல்லப் போகிறீர்களா அக்கா என்பது போல ஒரு பார்வை.

அந்தப் பார்வையை குமுதா தப்பாகப் படித்தாள். விரல் இறங்கப் போகிறது என்று நினைத்துவிட்டாள். வியாழக்கிழமையிலிருந்து அடக்கி வைத்திருந்த பயமெல்லாம் ஒன்றாகத் திரண்டு தொண்டைக்கு வந்தது. என்ன செய்கிறோம் என்று தெரியாமலேயே கத்தினாள்.

"ஜாங்கான்!"

குமுதா அக்காவின் குரல். அவள் வாயிலிருந்து இந்த லைன் இன்றுவரை ஒரே ஒரு சொல்லைத்தான் இப்படிச் சத்தமாகக் கேட்டிருக்கிறது. அத்தனை கைகளும் ஒன்றாக மேசையில் இறங்கின. ஜாலான் என்று லைன் முழுவதும் ஒரே குரலில் பதில் சொன்னது. தனுஜா அழுத்தினாள்.

குமுதா சிவப்புப் பொத்தானில் பாய்ந்தாள். பிளாஸ்டிக் மூடி. தன் கையால் கேட்டு வாங்கிப் போட்ட மூடி. நகத்தால் கிளப்பப் பார்த்தாள், கையுறை வழுக்கியது. மறுபடி பார்த்தாள். பின்னால் ஹைதர் அலறுவது கேட்டது. முழங்கையைத் தூக்கி ஓங்கி இடித்தாள். மூடி உடைந்தது, பொத்தான் உள்ளே போனது, பிரஸ் நின்றது. ஆனால் நின்ற இடத்திலேயே நின்றது. மேல் தட்டு திரும்ப ஏறவில்லை. ஹைதரின் மோதிர விரலும் சுண்டு விரலும் இரண்டு சூட்டுத் தட்டுகளுக்கும் நடுவில் இருந்தன.

யாருக்கும் அசைவு இல்லை. அந்தப் பிரஸைக் கையால் திறக்கத் தெரிந்தவன் ஒருவன்தான், அவன்தான் மாட்டிக்கொண்டிருந்தான். பல்லைக் கடித்துக்கொண்டு, இடது பக்கம், கீழே, மஞ்சள் கைப்பிடி, கீழ்ப் பக்கமாக இழுங்கள் என்று ஒவ்வொரு சொல்லாகத் துப்பினான். குமுதா மண்டியிட்டு அதைத் தேடினாள். கிடைத்ததும் உடம்பு முழுவதையும் போட்டுத் தொங்கினாள். தட்டு விலகியது. ஹைதர் கையை வெளியே எடுத்து நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தான். குமுதா அந்தக் கையை ஒரு தடவை பார்த்தாள், இரண்டாவது தடவை பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

பேக்டரி நர்ஸ் வந்தார். சுண்டு விரல் தேறிவிடும், மோதிர விரலைப் பற்றி ஆஸ்பத்திரியில்தான் சொல்ல வேண்டும் என்றார். தூக்கிக்கொண்டு போகும்போது ஹைதர் குமுதாவைத் தேடிப் பார்த்தான். திட்டுவான் என்று நினைத்தாள். உம்மாவிடம் நீங்களே சொல்லிவிடுங்கள் அக்கா, வேறு யாரும் சொன்னால் பயந்துவிடும் என்று சொல்லிவிட்டுப் போனான். அதற்குப் பதில் அவன் திட்டியே இருக்கலாம்.

தயாளன் விருந்தாளிகளை வெளியே அனுப்பிவிட்டுத் திரும்பி வந்தார். முகமூடிக்கு மேலே தெரிந்த கண்களில் அவருக்கும் பயம்தான். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டிருந்தார். லைன் பேயறைந்த மாதிரி நின்றது. நோர்மா சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று அழுதுகொண்டிருந்தாள். இப்படியே இவர்களை வீட்டுக்கு அனுப்பினால் நாளைக்கு ஒருவரும் பிரஸ் பக்கம் வரமாட்டார்கள், பயம் உறைந்துவிடும், சூடு இருக்கும்போதே அடுத்த லைன் டெக்னீஷியனை வைத்துக் கொஞ்ச நேரமாவது ஓட்டிவிடுவோம் என்று குமுதாவிடம் மெல்லச் சொன்னார். அவர் அப்படித்தான் உண்மையாகவே நம்பினார். பிறகு லைனைப் பார்த்துத் திரும்பி, தொண்டையைச் செருமிக்கொண்டு, ஆறுதலாக ஏதோ சொல்ல வந்தவர் வாயில் பழக்கத்தில் அதுவே வந்தது.

"ஓகே எல்லாரும். ஓகே. ஜாலான்."

மேசைகளில் இரண்டு மூன்று கைகள் எழும்பின. குமுதா அதைக் கண்ணால் கண்டாள். அழுதுகொண்டிருந்த நோர்மாவின் கைகூட அவளை அறியாமல் எழும்பியது. குமுதாவுக்கு வியாழக்கிழமையிலிருந்து இருந்த பயமெல்லாம் அந்தக் கைகளைப் பார்த்து வந்த பயத்துக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. நான்தான் இவர்களை இப்படிச் செய்தேன் என்று நினைத்தாள்.

அவள் ஆணியில் சாவியோடு தொங்கிய ஹைதரின் பூட்டை எடுத்தாள். அதில் அவன் பேர் ஒட்டியிருந்தது, தூசு படிந்திருந்தது. பிரஸுக்குப் பின்னால் போய் மெயின் சுவிட்சை இறக்கினாள். பூட்டைப் போட்டுத் திருகினாள். பிரஸின் விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன, இரைச்சல் இறங்கி அடங்கியது. இத்தனை நாளில் முதல் தடவையாக அந்தக் கூடத்தில் மனிதர்கள் மூச்சு விடுவது கேட்டது. சாவியை உள்ளங்கையில் மூடிக்கொண்டு முன்னால் வந்தாள்.

தயாளன் கையை நீட்டினார். சாவியைக் கொடுங்கள் குமுதா என்று கெஞ்சலும் கட்டளையுமாகச் சொன்னார். அவள் கொடுக்கவில்லை. உங்கள் வேலை போய்விடும் என்றார். தெரியும் பாஸ் என்றாள். குரல் அழுகைக்குப் பக்கத்தில் இருந்தது. ஆனால் விரல்கள் திறக்கவில்லை. அவர் கையை நீட்டியபடியே நின்றார்.

தனுஜா தன் இடத்திலிருந்து எழுந்து வந்தாள். பொத்தானை அழுத்திய வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டிருந்தாள். முகமூடியைக் கீழே இழுத்துவிட்டிருந்தாள். எச்சில் துளிகூடப் படக் கூடாத இந்தக் கூடத்தில் அது பெரிய குற்றம், யாரும் தடுக்கவில்லை. காது அடைப்பானையும் எடுத்துவிட்டிருந்தாள். அழுது அழுது மூக்கு சிவந்திருந்தது. குமுதாவின் முன்னால் வந்து நின்று, சின்னப் பிள்ளை பாடத்தில் சந்தேகம் கேட்பது போலக் கேட்டாள்.

"நீங்க என்னாக்கா சொன்னீங்க?"

வேண்டாம் என்று சொன்னேன் என்றாள் குமுதா. சொல்லும்போதே, வியாழக்கிழமை ஹைதர் சொன்னதும் அதுதான் என்பதையும் சொல்லிவிட்டாள். அந்தப் பெண் அதைக் கேட்டாள். தன் பச்சைப் பொத்தானைத் திரும்பிப் பார்த்தாள்.

"அப்படின்னா அக்கா, நம்ம லைன்ல வேணாம்னு சொல்லணும்னா என்னா சொல்லணும்?"

எல்லோரும் குமுதாவைப் பார்த்தார்கள். தயாளனும் பார்த்தார். ஒவ்வொருவர் பேரையும் சொல்லி, கறிபாப் வாங்கிக் கொடுத்து, மேசை தட்டச் சொல்லி, எத்தனையோ கற்றுக்கொடுத்தவள் அவள். இதற்கு ஒரு சொல்லை அவள் யாருக்கும் கொடுத்ததில்லை. சாவி உள்ளங்கையில் குத்தியது. முதுகுக்குப் பின்னால் பிரஸ் ஆறிக்கொண்டிருந்தது.